வயிற்றில் பையோடு வாழ்பவர்கள்



சில ஆண்டுகளுக்கு முன், தவறாமல் திருப்பலிக்கு வந்துகொண்டிருந்த ஒரு தாயார், குடல் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீடு சந்திக்கச் சென்றேன். "சாமி, என் மேல வாடை அடிக்கும். ஆண்டவர் சந்நிதியில எப்படி வந்து உட்காருவேன்?" என்றார். அவருக்கு வயிற்றில் 'ஸ்டோமா' வைத்திருந்தார்கள்.

மலக்குடலிலோ பெருங்குடலிலோ புற்றுநோய் கண்ட பகுதியை வெட்டி எடுக்கும்போது, சிலருக்குக் குடலின் முனையை வயிற்றின் மேற்பரப்பில் திறப்பாக வைத்துத் தைப்பார்கள். அதுவே ஸ்டோமா. மலம் அதன் வழியாக, மேலே ஒட்டிய பையில் சேரும். சிலருக்கு இது சில மாதங்களுக்கு மட்டும். சிலருக்கு வாழ்நாள் முழுவதும். வாயின் உட்புறம்போல் சிவப்பாய், ஈரமாய் இருக்கும், தொட்டால் வலிக்காது. முதல் 6 முதல் 8 வாரங்களில் சுருங்கும். ஆகவே அவ்வப்போது அளந்து, அதற்கேற்பப் பையின் துளையை வெட்ட வேண்டும். துளை பெரிதானால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே பையைக் காலி செய்வது நல்லது. சரியாக ஒட்டிய பையிலிருந்து வாடை வராது. தாராளமாகக் குளிக்கலாம்.

சிறுகுடலில் திறப்பு உள்ளவர்களுக்கு நீரும் உப்பும் அதிகம் வெளியேறும். உப்பிட்ட கஞ்சி, மோர் அவசியம். தவக்காலத்தில் இவர்கள் ஒருசந்தி இருக்க வேண்டாம். நோயாளிகளுக்கு அந்தக் கடன் இல்லை. திருவிழாவில் சப்பரம் தூக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்டோமாவின் அருகே குடலிறக்கம் வரக்கூடும். பாரம் தூக்காதீர்கள். நடந்து வந்தால் போதும்.

உடல் தேறினாலும் மனம் தேற நாளாகும். கண்ணாடி பார்க்க மறுப்பதும், கணவனோ மனைவியோ அருகில் வரக் கூசுவதும், காரணமின்றி அழுவதும் விசுவாசக் குறைவு அல்ல. இழந்த உடலுக்காக அழுகிறார்கள். "கடவுள் சோதிக்கிறார்" என்று உடனே ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்து வருவதைவிட, அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். மாற்கு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில் இரத்தப்போக்கினால் வருந்திய பெண், லேவியர் சட்டப்படி தீட்டுள்ளவர். கூட்டத்தில் ஒளிந்து வந்த அவரை, இயேசு எல்லார் முன்னிலையிலும் மகளே என்றழைத்தார்.

அந்தத் தாயாரிடம் இன்னொன்றும் சொன்னேன். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981 மே 13 அன்று சுடப்பட்டபோது, குடலின் ஒரு பகுதியை நீக்கி, அவருக்கும் தற்காலிக ஸ்டோமா வைத்தார்கள். ஆகஸ்ட் 5 அன்றுதான் அதை மூடினார்கள். உலக நோயாளர் தினத்தை 1992-இல் ஏற்படுத்தியவரும் அவரே. "பாப்பரசருக்குமா, சாமி?" என்று வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

இப்போது அவர் பக்கவாசல் அருகே உட்காருகிறார். ஆலயக் கழிப்பறையில் ஒரு கொக்கி, தண்ணீர்க் குழாய், மூடியுள்ள குப்பைத்தொட்டி வைத்தோம், செலவு பெரிதல்ல. இப்படி யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால் அன்பியப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். நற்கருணையோடும் நோயில்பூசுதல் எண்ணெயோடும் வருகிறேன். அந்த அருளடையாளம் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே கூறிவிட்டது.