குழிமுயல் வேட்டையில் லர்ச்சர் நாயும் ஃபெரெட்டும்

லர்ச்சர் என்பது இங்கிலாந்திலும் அதன் அண்டை நாடுகளிலும் வளர்க்கப்படும் கலப்பின வேட்டை நாய். ஃபெரெட் என்பது மரநாய்க் குடும்பத்தைச் சேர்ந்த, மனிதரால் பழக்கப்படுத்தப்பட்ட சிறிய ஊனுண்ணி. ஃபெரெட் வளைக்குள் புகுந்து குழிமுயலை வெளியே விரட்டும். வலைக்குத் தப்பி ஓடுவதை லர்ச்சர் பிடித்து வரும். துப்பாக்கியும் குதிரையும் சொந்த நிலமும் இல்லாத கூலித் தொழிலாளி இவ்விரு விலங்குகளையும் ஒரு மண்வெட்டியையும் சில வலைகளையும் கொண்டு வீட்டுக்கு இறைச்சி கொண்டுவர முடிந்தது. இதனாலேயே இங்கிலாந்தின் வேட்டைச் சட்டங்கள் பல நூற்றாண்டுகளாக மனிதரை மட்டுமன்றி, அவர்கள் வளர்த்த நாயையும் ஃபெரெட்டையும் குறிவைத்தன.

முயலும் குழிமுயலும்

தமிழில் முயல் என்ற ஒரே சொல் இரு வேறு விலங்குகளைக் குறிக்கிறது. தமிழகத்தின் காடுகளிலும் கரம்பு நிலங்களிலும் வாழும் இந்திய முயல் வளை தோண்டுவதில்லை. புதரடியில் பதுங்கியிருந்து, ஆபத்து வந்தால் ஓடித் தப்பும். எனவே தென் மாவட்டங்களில் முயல் வேட்டைக்குக் கன்னி, சிப்பிப்பாறை போன்ற விரைந்தோடும் நாய்களே போதுமானவையாக இருந்தன. அந்த வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. ஐரோப்பியக் குழிமுயலோ நிலத்தடியில் கிளை கிளையாகப் பிரியும் வளைகளில் கூட்டமாக வாழ்கிறது. நாய் எவ்வளவு வேகமாக ஓடினாலும் முயல் வளைக்குள் நுழைந்துவிட்டால் அதைப் பிடிக்க முடியாது. அந்தக் குறையைத் தீர்க்கவே ஃபெரெட் வேட்டைக்கு வந்தது.

ஃபெரெட்டின் தொன்மை

குழிமுயலின் தாயகம் ஐபீரியத் தீபகற்பம், அதாவது இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும். அங்கு முயல்கள் பயிர்களையும் செடிகளின் வேர்களையும் அழித்தது பற்றிக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதியுள்ளார். வாய்ப்பூட்டு இட்ட மரநாய் போன்ற விலங்குகளை வளைக்குள் அனுப்பி முயல்களை வெளியேற்றியதையும் அவர் குறிப்பிடுகிறார். பலேரிக் தீவு மக்கள் முயல்களை ஒடுக்கப் படையுதவி வேண்டிப் பேரரசர் அகஸ்டசிடம் முறையிட்டதாக ரோமானிய அறிஞர் மூத்த பிளினி பதிவு செய்துள்ளார்.

ஐரோப்பாவில் வாழும் போல்கேட் என்னும் காட்டு மரநாயிலிருந்து ஃபெரெட் தோன்றியது. இதன் ஆங்கிலப் பெயர் ‘சிறு திருடன்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நீண்டு மெலிந்த உடலும் குட்டையான கால்களும் குறுகிய வளைக்குள் திரும்பி வளைந்து செல்ல உதவுகின்றன. இருட்டில் இது மோப்பத்தைக் கொண்டே இரையைத் தேடுகிறது.

இங்கிலாந்தில் முயல் பண்ணைகள்

இங்கிலாந்துக்குக் குழிமுயலைக் கொண்டுவந்து பெருக்கியவர்கள் நார்மானியர்கள். 12ஆம் நூற்றாண்டு முதல் பிரபுக்களும் மடங்களும் வாரன் எனப்பட்ட முயல் பண்ணைகளை அமைத்தனர். அக்காலக் குழிமுயல்கள் குளிரும் ஈரமுமான நிலத்தில் எளிதில் பெருகவில்லை. ஆகவே அவை வளை தோண்டுவதற்காக மண்ணைக் குவித்து நீண்ட மேடுகள் கட்டித்தரப்பட்டன. இறைச்சியும் தோலும் விலை மிக்கவை என்பதால் பண்ணைக்குக் காவலர் நியமிக்கப்பட்டனர். நார்ஃபோக்கில் உள்ள தெட்ஃபோர்டு பண்ணையின் காவல் மாளிகை தடித்த கற்சுவர்களோடு இன்றும் நிற்கிறது. முயல் திருடர்களை எதிர்கொள்ள ஒரு சிறு கோட்டையே தேவைப்பட்டது என்பதை அது காட்டுகிறது.

பண்ணைக் காவலர்களே இங்கு ஃபெரெட்டை முறையாகப் பயன்படுத்தினர். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வரையப்பட்ட, அரசி மேரியின் சங்கீத நூல் எனப்படும் கையெழுத்துச் சுவடியில், பெண்கள் ஃபெரெட்டும் வலையும் கொண்டு முயல் பிடிக்கும் காட்சி உள்ளது.

சட்டமும் ஏழையின் நாயும்

1381இல் இங்கிலாந்தில் உழவர் கிளர்ச்சி நடந்தது. அதன் பின், 1390ஆம் ஆண்டில் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் ஆட்சியில் ஒரு சட்டம் வந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாய் தரும் நிலம் இல்லாத குடிமக்களும், 10 பவுண்டுக்குக் குறைவான ஆண்டு வருவாய் உள்ள மதகுருமாரும் வேட்டை நாய் வைத்திருக்கக் கூடாது. ஃபெரெட், வலை, கண்ணி ஆகியவற்றைப் பயன்படுத்தவும் கூடாது. மீறினால் ஓராண்டுச் சிறை. திருநாட்களில் வேட்டை என்ற பெயரில் தொழிலாளர்கள் ஒன்றுகூடிக் கலகத்துக்குத் திட்டமிடுகிறார்கள் என்பது சட்டம் கூறிய காரணங்களில் ஒன்று. முயல் குறையும் என்பதோடு மக்கள் கூடுவர் என்ற அச்சமும் அதில் இருந்தது.

1671ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டைத் தகுதியை மேலும் உயர்த்தி, தகுதியற்றவர் வீடுகளைச் சோதனையிட்டு நாய்களையும் ஃபெரெட்டுகளையும் வலைகளையும் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை வேட்டைக் காவலர்களுக்கு அளித்தது. முகத்தில் கரி பூசிக்கொண்டு முயல் பண்ணையில் திருடுவோருக்கு 1723ஆம் ஆண்டின் ‘கறுப்புச் சட்டம்’ மரண தண்டனை விதித்தது. 1828ஆம் ஆண்டின் இரவு வேட்டைத் தடைச் சட்டப்படி, இரவில் அனுமதியின்றி முயல் பிடித்தவருக்கு முதல் முறை மூன்று மாதம் வரையும் இரண்டாம் முறை ஆறு மாதம் வரையும் சிறை. மூன்றாம் முறை ஏழாண்டு நாடு கடத்தலும் விதிக்கப்படலாம். 1862இல் வந்த மற்றொரு சட்டம், திருட்டு வேட்டையிலிருந்து திரும்புவதாக ஐயப்படுவோரைப் பொதுச் சாலையில் நிறுத்திச் சோதனையிடக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது.

லர்ச்சர் வளர்ந்தது இந்தச் சூழலில்தான். பதுங்கித் திரிதல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினைச்சொல்லிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் இப்பெயர் வழக்குக்கு வந்தது. கிரேஹவுண்ட், விப்பெட் போன்ற விரைந்தோடும் நாயோடு, ஆடு மேய்க்கும் காலி நாயையோ பெட்லிங்டன் டெரியரையோ கலந்து பெறப்படுவதே லர்ச்சர். வேகம் ஒரு பக்கத்திலிருந்தும், சொல் கேட்கும் அறிவும் தாங்கும் திறனும் மறுபக்கத்திலிருந்தும் வர வேண்டும் என்பது நோக்கம். குலம் பார்த்து வளர்க்கும் நாய் அல்ல என்பதால் இதற்கு ஒரே உருவம் கிடையாது. செய்யும் வேலையே இதன் அடையாளம்.

லர்ச்சர் குட்டியைப் பழக்குதல்

குட்டி பொதுவாக எட்டு வார அளவில் தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. முதல் மாதங்களில் வேட்டை கற்பிக்கப்படுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் வருதல், சொன்ன இடத்தில் அசையாமல் இருத்தல், கயிற்றை இழுக்காமல் நடத்தல் ஆகியவையே முதற் பாடங்கள். சுருட்டிய முயல் தோலை ஒடுக்கமான நடைபாதையில் எறிந்து எடுத்து வரச் செய்வது பழைய உத்தி. வேறு வழி இல்லாததால் குட்டி பழக்குநரிடமே திரும்பி வரும். கொண்டுவந்ததை வெடுக்கென்று பறித்தால், அடுத்த முறை அது கொடுக்க மறுக்கும். பல் அழுந்தாமல் மென்மையாகக் கவ்வி வரும் நாய்க்கு மதிப்பு அதிகம், ஏனெனில் சிதைந்த இறைச்சி விலை போகாது.

ஃபெரெட்டைச் சிறு வயதிலேயே கூண்டு வழியாகக் காட்டி, அது இரையன்று, கூட்டாளி என்று குட்டிக்கு உணர்த்துவர். ஆட்டு மந்தைகளுக்கிடையே கயிற்றில் பிடித்து நடத்தி, ஆட்டைத் துரத்தக் கூடாது என்பதையும் பழக்குவர். ஆட்டைத் துரத்தும் நாயைச் சுட இங்கிலாந்துச் சட்டம் சில சூழல்களில் இடம் தருகிறது. ஆகவே இந்தப் பாடத்தில் தவறினால் நாயின் உயிரே போகலாம். எலும்பும் மூட்டும் உறுதியாகும் முன் கடுமையாக ஓடினால் காயம் நிலைத்துவிடும் என்பதால், ஏறக்குறைய ஓராண்டு வரை முழு வேக ஓட்டத்துக்கு விடுவதில்லை.

வளைக்குள் முயல் இருக்கிறதா என்பதை மோப்பத்தால் அறிந்து, வாயிலில் நின்று காட்டுவது தேர்ந்த லர்ச்சரின் திறமை. நாய் காட்டிய வளையில் ஃபெரெட்டை விட்டு, முயல் வெளிவருவதை அது திரும்பத் திரும்பக் காணும்போதுதான் இத்திறமை உறுதிப்படும்.

ஃபெரெட் வளர்ப்பு

ஃபெரெட்டுக்கு உலர்ந்த படுக்கை அறையும் நடமாடும் இடமும் கொண்ட கூடு வேண்டும். இது ஒரே மூலையில் கழிக்கும் வழக்கமுடையதால் அன்றாடம் சுத்தம் செய்வது எளிது. முற்காலத்தில் பாலில் ஊறிய ரொட்டியே பல வீடுகளில் உணவாகத் தரப்பட்டது. முழு ஊனுண்ணியான இவ்விலங்குக்கு அது ஏற்றதன்று, இறைச்சியே வேண்டும். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய் ஃபெரெட்டையும் கொல்லக்கூடியது. ஆகவே நாய்க்குத் தடுப்பூசி போடுவது ஃபெரெட்டுக்கும் பாதுகாப்பு.

குட்டிகள் ஏறக்குறைய 42 நாட்களில் பிறக்கின்றன. இணை சேராத பெண் ஃபெரெட்டின் சினைப்பருவம் தானே முடிவதில்லை. அது நீண்டால் இரத்தச்சோகை ஏற்பட்டு உயிரிழப்பு நேரலாம். எனவே கருத்தடை அறுவை செய்த ஆணுடன் சேர்ப்பது, மருத்துவரிடம் ஊசி போடுவது போன்ற வழிகள் கையாளப்படுகின்றன. கடிக்காத ஃபெரெட் வேண்டுமானால் குட்டியிலிருந்தே நாள்தோறும் கையில் எடுத்துப் பழக வேண்டும்.

வேட்டை நாள்

இலையுதிர் காலப் பிற்பகுதி முதல் குளிர்காலம் முடியும் வரை வேட்டைக்குரிய பருவம். அப்போது புதர்கள் வாடி வளை வாயில்கள் தெரியும். வளைக்குள் குட்டிகளும் குறைவு. ஒவ்வொரு வாயிலிலும் சுருக்குப்பை போன்ற ஒரு வலை விரித்து முளை அடிக்கப்படும். முயல் பாய்ந்ததும் வலையின் சுருக்குக் கயிறு இறுகும். வலையில்லாத வாயிலிலிருந்து தப்புவதை லர்ச்சர் துரத்தும்.

மேலே பேச்சொலியோ காலடி அதிர்வோ கேட்டால், முயல் வெளிவராமல் உள்ளேயே முடங்கிவிடும். அப்போது ஃபெரெட் அதை அங்கேயே கொன்று, தின்று, உறங்கிவிடுவதும் உண்டு. முன்பு கயிறு கட்டிய மற்றொரு ஃபெரெட்டை அனுப்பி, கயிற்றின் நீளத்தைக் கொண்டு இடத்தைக் கணித்துத் தோண்டினர். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கழுத்துப்பட்டையில் பொருத்தும் மின்னணு அலைபரப்பி வந்து, இந்த உழைப்பைப் பெரிதும் குறைத்தது. திருட்டு வேட்டைக்காரனுக்கு மௌனம் இரட்டிப்புத் தேவை. ஓசை எழுந்தால் முயலும் கிடைக்காது, காவலரும் வந்துவிடுவார். குரைக்காத லர்ச்சரை அவன் விரும்பியதற்கும் இதுவே காரணம்.

உரிமையும் கொள்ளைநோயும்

19ஆம் நூற்றாண்டில் முயல்கள் பண்ணைகளுக்கு வெளியே பெருகின. குளிர்காலத் தீவனப் பயிர்கள் அவற்றுக்கு உணவாயின. நரியல்லாத பல ஊனுண்ணிகளை வேட்டைக் காவலர்கள் அழித்ததால் எதிரிகளும் குறைந்தன. குத்தகை விவசாயி தன் பயிரைத் தின்னும் முயலைக் கொல்லவும் நிலவுடைமையாளரின் அனுமதியை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. கிளாட்ஸ்டன் அரசு 1880இல் கொண்டுவந்த சட்டம், குத்தகையாளர்க்கு முயல்களைக் கொல்லும் உரிமையை வழங்கியது. குத்தகை ஒப்பந்தத்தால்கூட அதை விட்டுக்கொடுக்க முடியாது என்பது அதன் சிறப்பு. இதன்பின் விவசாயிகளிடம் கூலி பெற்று முயல் பிடிப்பது வெளிப்படையான தொழிலாயிற்று.

1952இல் பிரான்சில் ஒரு மருத்துவர் தம் தோட்டத்து முயல்களை அழிக்க மிக்சோமடோசிஸ் நோய்க்கிருமியைப் பரப்பினார். அடுத்த ஆண்டு அது இங்கிலாந்தின் கென்ட் பகுதியை அடைந்தது. 1955க்குள் பிரிட்டனின் முயல்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் மடிந்தன. முயல் பிடித்து வாழ்ந்தவர்கள் தொழில் இழந்தனர். கண் வீங்கி வழியோரம் கிடந்த முயல்களைக் கண்ட பலர், அந்த இறைச்சியை உண்பதையே விட்டனர். எதிர்ப்பாற்றல் பெற்ற முயல்கள் பின்னர் மெல்லப் பெருகின.

2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்சிலும் நாய்களைக் கொண்டு காட்டுப் பாலூட்டிகளை வேட்டையாடுவதைத் தடை செய்தது. நரி வேட்டையும் முயலோட்டப் பந்தயமும் அதனால் முடிவுக்கு வந்தன. ஆனால் நிலத்துக்குரியவரின் இசைவோடு குழிமுயலையும் எலியையும் நாய்கொண்டு பிடிப்பதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1390இல் நிலமில்லாதவனுக்கு மறுக்கப்பட்ட நாயையும் ஃபெரெட்டையும் இன்று எவரும் வளர்க்கலாம். அவற்றைக் கொண்டு யாருடைய நிலத்தில் முயல் பிடிப்பது என்பதற்கு மட்டும் இன்னமும் நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும்.