வளைவுச் சண்டையில் அமெரிக்கப் போர் விமானங்கள்

வளைவுச் சண்டை என்பது இரண்டு போர் விமானங்கள் ஒன்றின் வாலை மற்றொன்று பிடிக்க வட்டமடிக்கும் நெருக்கச் சண்டை. கணினி விளையாட்டு ஆடுவோர் இதை ‘டர்ன் ஃபைட்’ என்பார்கள். கைஜின் நிறுவனத்தின் ‘வார் தண்டர்’ விளையாட்டு 2012-இல் பொதுச் சோதனைக்கு வந்தது. அதில் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க விமானத்தை எடுப்பவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, ‘வளையாதே, மேலிருந்து பாய்ந்து சுட்டுவிட்டு ஏறிவிடு’ என்பதுதான். அது பாதி உண்மை.

அந்த அறிவுரைக்குக் காரணம் எடை. ஜப்பானின் ஏ6எம்2 ஜீரோவில் இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 107 கிலோவைத் தாங்கியது. பி-47 தண்டர்போல்ட்டில் ஏறத்தாழ இரு மடங்கு. மெதுவான வேகத்தில் ஜீரோவோடு சுற்றும் தண்டர்போல்ட் சீக்கிரமே வேகம் இழந்து, சுடுவதற்கு வாகாகத் தொங்கும். ஆனால் எதிரி ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 என்றால், 31 சதுர மீட்டர் இறக்கை கொண்ட அமெரிக்கக் கடற்படையின் ஹெல்கேட் தாராளமாக வளையலாம்.

ஜீரோவுக்கும் பலவீனம் இருந்தது. 1942 ஜூனில் அலாஸ்காவின் அகுதான் தீவில் விழுந்த ஜீரோ ஒன்றை அமெரிக்கர்கள் மீட்டு, சான் டியேகோவில் பழுதுபார்த்துப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 200 கடல் மைலைத் தாண்டியதும், விமானத்தை உருட்டும் அதன் ஏலரான்கள் இறுகின. உருள்வது, குறிப்பாக வலப்பக்கம், மந்தமானது. மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் எரிபொருள் வராமல் எஞ்சின் நின்றது. வேகமாகப் பாய்ந்து வலப்பக்கம் உருண்டு தப்பும் உத்தி இப்படித்தான் உறுதிப்பட்டது.

விளையாட்டிலும் வேகம் உள்ளவரை வளைவதுதான் சூட்சுமம். முதல் அரை வட்டத்திலேயே துப்பாக்கி முனை எதிரியை எட்டவில்லையென்றால் விட்டு விலகிவிட வேண்டும். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பைக் ‘காம்பாட்’ நிலைக்கு இறக்கினால் வளைவு குறுகும். மிதமிஞ்சிய வேகத்தில் இறக்கினால் பிய்ந்துபோகும். எரிபொருளைத் தேவைக்கு மட்டும் நிரப்புவது இன்னொரு வழி, பலரும் மறப்பது. நிஜத்திலும், பி-51 மஸ்டாங்கின் விமானியிருக்கைக்குப் பின்னிருந்த தொட்டி நிறைந்திருந்தால் எடை பின்னுக்குச் சாய்ந்து, கடுமையாக வளைப்பதே ஆபத்தாக இருந்தது.

துணைக்கு ஒருவர் இருந்தால் கணக்கே வேறு. அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச் வகுத்து 1942-இல் மிட்வே போரில் பயன்படுத்திய ‘தாச் பின்னல்’ முறையில், இரண்டு வைல்ட்கேட் விமானங்கள் எதிரெதிராக வளைந்து குறுக்கே கடக்கும். ஒன்றைத் துரத்தும் ஜீரோ மற்றதன் துப்பாக்கிக்கு நேரே வந்து சேரும். அமெரிக்க விமானங்களில் வளைவுச் சண்டை பழக நினைப்பவர் மஸ்டாங்கைவிட ஹெல்கேட்டில் தொடங்குவதே நல்லது.