குன்றேறி வென்ற குடிமக்கள்

உரோம் நகரத்தார் தம் இறுதி மன்னனைத் துரத்திக் குடியரசு கண்டது கி.மு. 509 என்பது மரபு. மன்னன் போனான், ஆயினும் மக்கள் கைக்கு ஆட்சி வந்துவிடவில்லை. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பெற்ற கான்சல்கள் இருவரே முடிசூடா மன்னராய் விளங்கினர். அப்பதவியைப் பெட்ரீசியர் எனப்பட்ட உயர்குடியினர் நாளடைவில் தமக்கே உரித்தாக்கிக் கொண்டனர். பிளெபியர் எனப்பட்ட பொதுக்குடியினரோ உழுதனர். போர்க்களத்தில் குருதி சிந்தினர். பட்ட கடனைத் தீர்க்க இயலாதபோது, கடன் கொடுத்தவனுக்கு அடிமைபோல் உழைத்தனர்.

கி.மு. 494இல் அவர்கள் ஒரு புதுமையான படைக்கலத்தைக் கையில் எடுத்தனர். அது வாளன்று; வேலுமன்று. நகரை விட்டு வெளியேறிப் புனிதக் குன்றில் போய் அமர்ந்தனர், அவ்வளவே! பகைவர் சூழ்ந்த நகரில் படைவீரர் இல்லையெனில் கதி ஏது? செனட் சபை இறங்கி வந்தது. பொதுமக்களைக் காக்க டிரிபியூன் என்னும் தலைவர்கள் தோன்றினர். அவர்தம் மேனியைத் தீண்டுதல் தெய்வக் குற்றமாயிற்று. பிற்காலத்தில் 'தடுக்கின்றேன்' என்னும் அவர்தம் ஒரு சொல் அரசாணையையே நிறுத்தும் ஆற்றல் பெற்றது.

இரு குலத்தாரும் மணவுறவு கொள்ளலாகாது என்றது பன்னிரு பலகைச் சட்டம். அத்தடையைக் கி.மு. 445இல் கனுலேயஸ் என்னும் டிரிபியூன் தகர்த்தார். பின்னர் லிசினியஸ், செக்ஸ்டியஸ் என்னும் இருவர் ஆண்டுதோறும் டிரிபியூன்களாகத் தேர்வு பெற்று, உயர்பதவித் தேர்தல்களையே நடக்கவொட்டாது தடுத்துப் போராடினர். கான்சல் இருவருள் ஒருவர் பொதுக்குடியினராதல் வேண்டும் என்னும் சட்டம் கி.மு. 367இல் நிறைவேறியது. மறு ஆண்டே செக்ஸ்டியஸ் கான்சலானார்.

திறந்த கதவு பின்னர் மூடவில்லை. கி.மு. 356இல் ருட்டிலஸ் என்பார் பொதுக்குடியின் முதல் சர்வாதிகாரியானார். கி.மு. 300இல் உயர் குருமார் பதவிகளும் பொதுக்குடியினர்க்குக் கிட்டின. கி.மு. 287இல் பொதுக்குடி மன்றத்தின் தீர்மானங்கள் உரோமர் அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டங்களாயின.

கி.மு. 304இல், விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மைந்தரான பிளாவியஸ் ஈடைல் என்னும் நகர அதிகாரியானார். அவர் ஓர் இல்லத்திற்குச் சென்றபோது, அங்கிருந்த உயர்குடி இளைஞர் எழ மறுத்தனராம். அவர் தம் பதவிக்குரிய நாற்காலியை வருவித்து, அதன்மீது அமைதியாய் அமர்ந்தாராம்! வழக்குகளுக்குரிய நாள்களையும் வாசகங்களையும், சிலர் மறைத்து வைத்திருந்ததை, ஊரறிய வெளியிட்டவரும் அவரே.

ஆயினும் வரலாறு மற்றொரு பக்கத்தையும் காட்டுகின்றது. தனியொருவர் 500 யூகெரத்திற்கு மேல் பொதுநிலம் வைத்திருத்தல் கூடாது என்று சட்டம் இயற்றிய லிசினியஸே, அதனை மீறித் தண்டம் செலுத்தினார் என லிவி எழுதுகின்றார். பதவி பெற்ற பொதுக்குடிச் செல்வர்கள் உயர்குடியினரோடு கலந்து, புதியதோர் உயர்குலமே ஆயினர். கடனுக்காகக் குடிமகனைக் கட்டிவைக்கும் கொடுமை ஒழிந்தது கி.மு. 326இல் என்பதும் லிவியின் கூற்று. செக்ஸ்டியஸ் கான்சலாகி அப்போது நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன!

குன்றின்மேல் அமர்ந்தவர் ஆயிரமாயிரவர். நாற்காலியில் அமர்ந்தவர் ஒரு சிலரே. அச்சிலர் தம்மை ஏற்றிவிட்டவரை நினைந்தபோதெல்லாம் உரோம் உயர்ந்தது, மறந்தபோதெல்லாம் தாழ்ந்தது. பதவி ஏறுவோர் எந்நாட்டினராயினும் எண்ணிப் பார்க்கத்தக்க பாடம் இஃதே.