கிள்ளான் ஆறு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலும் கோலாலம்பூரிலும் ஏறக்குறைய 120 கி.மீ. ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கும் ஆறு. வடிநிலப் பரப்பு சுமார் 1,288 ச.கி.மீ. கோம்பாக், அம்பாங், கெராயோங், பெஞ்சாலா, டாமன்சாரா ஆகியன துணையாறுகளுள் சில.

கோம்பாக் ஆறு கிள்ளானோடு சேரும் இடத்தில் எழுந்த ஊரே கோலாலம்பூர் (குவாலா லும்பூர்). மலாயில் ‘குவாலா’ என்றால் கூடுதுறை அல்லது கழிமுகம், ‘லும்பூர்’ சேறு. கூடுதுறை ஊருக்கு அங்கே வந்து சேரும் சிற்றாற்றின் பெயரை வைப்பதே மலாய் வழக்கம். அப்படியானால் தலைநகர் ‘குவாலா கோம்பாக்’ அல்லவா ஆகியிருக்க வேண்டும்? கோம்பாக்குக்கே முன்பு லும்பூர் ஆறு என்று பெயர் இருந்தது என்பார் உண்டு, மறுப்பாரும் உண்டு.

1857இல் கிள்ளான் பகுதியை ஆண்ட ராஜா அப்துல்லா ஈயம் தேடி 87 சீனரைக் கிள்ளான் பட்டணத்திலிருந்து ஆற்றுவழியே அனுப்பினார். அவர்கள் இந்தக் கூடுதுறையில் இறங்கி, காட்டுக்குள் அம்பாங்குக்கு நடந்தார்கள். ஒரே மாதத்தில் 69 பேரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஆனாலும் ஈய லம்பம் (சுரங்கம்) நிலைத்தது, இறங்குதுறை ஊராயிற்று. துறையை ஒட்டிய மலாய் இடுகாட்டில் 1909இல் ஜாமெக் பள்ளிவாசல் எழுந்தது.

1881இல் தீயும் வெள்ளமும் அத்தாப்பு (ஓலை) கூரை ஊரை அழித்தன. செங்கல்லால் கட்டச் சொல்லி உத்தரவானது. ஆற்றோரக் களிமண்ணில் சூளைகள் போட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் ரயில் வந்ததும் படகுப் போக்குவரத்து தேய்ந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகள் பெருகின, தமிழரும் பெருகினர்.

வெள்ளம் மட்டும் விடவில்லை. 1958இல் கிள்ளான் கேட்ஸ் அணை கட்டியும் 1971 ஜனவரியில் நகரம் மூழ்கியது. 2007இல் திறந்த ‘ஸ்மார்ட்’ சுரங்கம் 9.7 கி.மீ. நீளமுள்ளது, நடுவே சுமார் 3 கி.மீ. தூரம் இரண்டடுக்குச் சாலையும் உண்டு. பெருமழையில் சாலையை மூடி, வெள்ளத்தை உள்ளே விடுவார்கள். அது கூடுதுறையைச் சுற்றிக்கொண்டு தாமான் டேசா குளம் வழியாகக் கெராயோங்கில் விழுகிறது. தாயாற்று நீரைத் துணையாற்றில் ஊற்றி மறுபடி தாயாற்றுக்கே அனுப்பும் விசித்திர ஏற்பாடு இது.

துணையாறுகளில் தமிழர் கால் பழகியது பத்து ஆறு. தைப்பூசத்தன்று பத்துமலைக்குக் காவடி எடுப்போர் அதன் கரையில் குளித்து, ஈர வேட்டியோடு அலகு குத்திக்கொள்கிறார்கள். அந்த நீர் கோம்பாக்கில் சேர்ந்து, ஜாமெக் பள்ளிவாசலடியில் கிள்ளானோடு கலந்து, பிரிக்பீல்ட்ஸைத் தொட்டு, கிள்ளான் பட்டணம் தாண்டிக் கடலுக்குப் போகிறது.