ஹெலிகன்: போருக்குப் போன தோட்டக்காரர்களின் பெயர் இருக்கும் தோட்டம்

இங்கிலாந்தின் பழைய பண்ணைத் தோட்டங்களைக் கோடையில் சுற்றிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பிரபுக்களின் பெயர்களையே கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். மாளிகையைக் கட்டியவர் யார், குளத்தை வெட்டச் சொன்னவர் யார் என்பதெல்லாம் பலகையில் இருக்கும். மண்ணைக் கொத்தியவர்களின் பெயர் இருக்காது. கோர்ன்வோலில், மெவகிஸி என்ற மீன்பிடிக் கிராமத்துக்கு அருகே உள்ள ஹெலிகன் தோட்டத்தில் அது இருக்கிறது. அதுவும் ஒரு மலசலகூடச் சுவரில்.

சுமார் 200 ஏக்கர் பரப்புள்ள இந்த இடம் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ட்ரெமெய்ன் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. 1914 ஓகஸ்ட் மாதம் பிரித்தானியா முதலாம் உலகப் போரில் இறங்கியது. அதே மாதத்தில், வெள்ளரிப்பழம் வளர்க்கும் முற்றத்தின் ஓரத்திலிருந்த தொழிலாளர் மலசலகூடத்தின் சுண்ணாம்புச் சுவரில் தோட்டக்காரர்கள் பென்சிலால் தங்கள் பெயர்களை எழுதினார்கள். பின்னர் போருக்குப் போனார்கள். போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

மாளிகை, காயமடைந்த அதிகாரிகள் தேறும் மருத்துவமனையாக்கப்பட்டது. போர் முடிந்த பின்னர் உரிமையாளர் இத்தாலிக்குப் போய்விட்டார், வீடு வாடகைக்கு விடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் வந்து தங்கினர். 1970களில் மாளிகை தனித்தனி வீடுகளாகப் பிரித்து விற்கப்பட்டது. தோட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முட்கொடியும் ஐவிக் கொடியும் கண்ணாடி வீடுகளை மூடின, கூரைகள் இடிந்து விழுந்தன. வலிகாமம் வடக்கில் காணி விடுவிக்கப்பட்டபோது பற்றைக்குள் தங்கள் கிணற்றைத் தேடியவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

1990 ஜனவரியில் பெரும் புயல் ஒன்று மரங்களைச் சாய்த்தது. அடுத்த மாதம், காணியின் வாரிசான ஜோன் வில்லிஸ் என்பவரும் ரிம் ஸ்மிற் என்பவரும் கத்தியுடன் பற்றைகளை வெட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். பாதைகளும் மதில்களும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. அந்தச் சிறிய அறையும் வெளிப்பட்டது. இதைக் கண்ட பிறகு வேலையின் நோக்கமே மாறியது. பிரபுவின் பெருமையை அல்ல, அங்கே உழைத்தவர்களின் கைத்தொழிலை மீட்பது என்று தீர்மானித்தார்கள். 1992இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2013இல் பிரித்தானியாவின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் இந்த மலசலகூடத்தை உயிருள்ள நினைவிடமாக அங்கீகரித்தது. கல்லும் தூணும் இல்லாத நினைவிடம் அது. மங்கிய பென்சில் எழுத்து மட்டுந்தான்.

கோடையில் போவோர் முதலில் மதிலுக்குள் இருக்கும் மரக்கறித் தோட்டத்தைப் பார்ப்பது நல்லது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை பாத்திகள் நிறைந்திருக்கும். விக்ரோறியா மகாராணி காலத்து மரக்கறி இனங்களையே தேடி நடுகிறார்கள். அன்னாசிக் குழி கட்டாயம் பார்க்க வேண்டியது. செங்கல் குழியின் இருபுறமும் அகழி வெட்டி, அதில் புதுக் குதிரை எருவை நிரப்புகிறார்கள். எரு உக்கும்போது எழும் சூடு சுவரின் துளைகள் வழியே கண்ணாடிக்குக் கீழ் உள்ள செடிகளுக்குப் போகிறது. மின்சாரம் எதுவும் இல்லை. அக்குளிர் நாட்டில் ஒரு அன்னாசிக்கு அத்தனை பாடு! முந்திரிகைக்கும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் பந்தல் போட்டால் காய்க்கும் கொடிக்கு அங்கே கண்ணாடி வீடு தேவைப்படுகிறது.

மதிலில் தேனீக் கூடைகள் வைப்பதற்காகக் கட்டிய மாடங்களையும் தவறவிட வேண்டாம்.

மரக்கறித் தோட்டத்திலிருந்து கீழே இறங்கினால் பள்ளத்தாக்கு ஒன்று வரும். கடற்காற்றால் உறைபனி குறைந்த அந்த இடத்தில் மரப் பன்னம், மூங்கில், வாழை எல்லாம் நிற்கின்றன. வாழையில் குலையை எதிர்பார்க்கக் கூடாது. சுமார் 100 அடி நீளமான கயிற்றுப் பாலமும் அங்கே உண்டு. ரொடொடென்ரன் மரங்களும் உள்ளன. எங்கள் ஹோட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் மரத்தின் உறவு அது. ஆனால் அதன் பூவைப் பார்க்க வேண்டுமானால் வசந்த காலத்தில் போக வேண்டும்.

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து சென்ற் ஒஸ்ரெல் வரை தொடருந்தில் நான்கு மணித்தியாலத்துக்கும் மேல் ஆகும். அங்கிருந்து பேருந்திலோ வாடகைக் காரிலோ போகலாம். ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்க வேண்டாம். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் அந்தக் கரையோரம் முழுவதும் சனம் நிறைந்திருக்கும், ஜூன் மாதம் சுகம். பள்ளத்தாக்குப் பாதை செங்குத்தானது என்பதால் வயதானவர்கள் மேல் தோட்டத்தோடு நிற்கலாம். மாளிகையில் இப்போதும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், உள்ளே போக முடியாது. பெயர்கள் இருக்கும் அறை மிகச் சிறியது, முற்றத்தைக் கடக்கும் பலர் அதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். வேலையாட்களிடம் கேட்டால் காட்டுவார்கள்.