ராஜா மாறினார்... பயம் மாறவில்லை!

பாரிஸுக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்கள். 'வாழ்க்கையில ஒரு தடவையாவது அப்படி ஒரு இடத்துல சாப்பிட்டுப் பார்த்துடணும்' என்று முடிவுகட்டி, பல வாரங்களுக்கு முன்பே மேஜைக்குச் சொல்லிவைத்து, மூன்று நட்சத்திர ரெஸ்டாரன்ட் ஒன்றுக்குள் நுழைகிறீர்கள்.

அட்டை ஒன்றை நீட்டுகிறார்கள். ஆனால், அதில் நீங்கள் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை! என்ன சாப்பிட வேண்டும், எதற்குப் பிறகு எது வரும், எவ்வளவு வரும்... எல்லாமே தலைமைச் சமையல்காரர் தீர்மானித்தாகிவிட்டது. உங்கள் வேலை, உட்கார்வது. பிறகு, பில் கொடுப்பது!

பெரிய தட்டின் நடுவில் ஒரே ஒரு வாய்க்குப் பண்டம் வருகிறது. அதை எடுத்துப் போனதும் அடுத்தது. இப்படிப் பத்து, பதினைந்து, சில இடங்களில் முப்பது! 'டேஸ்ட்டிங் மெனு' என்று பெயர். சாப்பிட்டு முடிக்க மூன்று மணி நேரம்கூட ஆகலாம். கடைசியில், வெள்ளைக் கோட்டு போட்ட தலைமைச் சமையல்காரரே உங்கள் மேஜைக்கு வந்து, "எப்படி இருந்தது?" என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் முந்நூற்றைம்பது ஆண்டு சரித்திரம் இருக்கிறது. கொஞ்சம் ரத்தமும்!

1671-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம். பாரிஸுக்கு வடக்கே ஷான்டீயி மாளிகை. உரிமையாளர், இளவரசர் காண்டே. ஒரு காலத்தில் ராஜாவுக்கு எதிராகவே வாளைத் தூக்கி, பிற்பாடு மன்னிக்கப்பட்டவர். மன்னர் பதினான்காம் லூயியின் மனசைக் குளிரவைக்க அவருக்கு ஒரு சந்தர்ப்பம் தேவைப்பட்டது. அது வந்தது. 'ராஜா விருந்துக்கு வருகிறார்!'

ராஜா வருகிறார் என்றால் தனியாகவா வருவார்? அரண்மனையே கிளம்பி வரும்! இத்தனை பேருக்கும் தங்க இடம், விருந்து, வாணவேடிக்கை என்று மொத்தப் பொறுப்பும் ஒரே ஒருவர் தலையில் விழுந்தது. அவர் பெயர் வாட்டெல். பலரும் நினைப்பதுபோல் அவர் சமையல்காரர் அல்ல. மாளிகையின் விருந்து நிர்வாகி.

முதல் நாள் இரவு. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டார்கள். இரண்டு மேஜைகளுக்கு வறுத்த இறைச்சி போய்ச் சேரவில்லை. ராஜாவின் மேஜையில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் வாட்டெல் நொறுங்கிப் போனார். பன்னிரண்டு இரவுகளாகத் தூக்கம் இல்லை, தலை சுற்றுகிறது என்று நண்பரிடம் புலம்பினார். விஷயம் தெரிந்த இளவரசரே தேடி வந்து ஆறுதல் சொன்னார். மனசு கேட்கவில்லை. போதாக்குறைக்கு, வாணவேடிக்கையையும் மூடுபனி கெடுத்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கத்தோலிக்க வழக்கப்படி இறைச்சி கூடாது. மீன்தான்! பல துறைமுகங்களுக்கு ஆள் அனுப்பியிருந்தார் வாட்டெல். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தால், வந்திருந்தது இரண்டே இரண்டு சுமை. "இவ்வளவுதானா?" என்று கேட்டார். கொண்டுவந்தவனுக்கு மற்ற ஊர்களுக்குச் சொல்லியனுப்பிய விஷயம் தெரியாது. "ஆமாம்" என்றான்.

வாட்டெல் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தன் அறைக்குப் போனார். வாளால் தன் உயிரை முடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் நாலா திசைகளிலிருந்தும் மீன் வண்டிகள் வந்து சேர்ந்தன! 'எங்கே வாட்டெல்? மீனைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமே?' என்று தேடிப்போய்க் கதவைத் திறந்தபோதுதான்...

இதையெல்லாம் மகளுக்குக் கடிதத்தில் எழுதிவைத்தவர் மதாம் த செவின்யே என்ற சீமாட்டி. அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அன்றைய விருந்து நிற்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டார்கள், உலாவினார்கள், சீட்டாடினார்கள், வேட்டைக்குப் போனார்கள்!

அந்தக் காலத்து விருந்தில் இன்றுபோல ஒவ்வொரு தட்டாக வராது. ஒரு சுற்றுக்குரிய பதார்த்தங்களை எல்லாம் ஒரே சமயத்தில் மேஜை முழுக்கப் பரப்பிவிடுவார்கள். பார்க்கப் பிரமாதம்! ஆனால், கடைசி ஆள் வாயில் வைப்பதற்குள் ஆறி அவலாகிவிடும். 1810 வாக்கில் பாரிஸில் இருந்த ரஷ்யத் தூதர் குராகின், தன் வீட்டு விருந்தில் ஒவ்வொரு பதார்த்தமாக, சூடாக, வரிசையாகப் பரிமாறச் செய்தார் என்பார்கள். 'ரஷ்ய முறை' என்ற பெயரோடு அந்தப் பழக்கம் மெல்ல ஐரோப்பா முழுக்கப் பரவியது. உங்கள் மேஜைக்கு ஒவ்வொன்றாக வருகிற தட்டுக்கு மூதாதை இதுதான்.

இதற்குள் விருந்து, மாளிகையிலிருந்து தெருவுக்கும் வந்துவிட்டிருந்தது. 1760-களில் பாரிஸில், உடம்புக்குத் தெம்பு தரும் சூப்புக்குத்தான் 'ரெஸ்டாரன்ட்' என்று பெயர். அந்த சூப் விற்ற கடைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி! எஜமானர்கள் ஓடினார்கள் அல்லது தலையை இழந்தார்கள். மாளிகைச் சமையல்காரர்கள் பலர் ஊருக்குள் கடை போட்டார்கள். காசு இருந்தால் நீங்களும் ராஜாதான்!

ஒரு ராஜா போனார். ஆயிரம் ராஜாக்கள் வந்தார்கள். சமையல்காரரின் பாடு சுலபமாகிவிட்டதா என்ன?

1900-ம் ஆண்டில் டயர் கம்பெனி நடத்திய மிஷ்லன் சகோதரர்கள், கார் வைத்திருப்பவர்களுக்காக ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். கார் எங்கே ரிப்பேர் செய்யலாம், எங்கே தங்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். நிறைய ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்! 1926-ல் நல்ல சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். 1930-களில் அது மூன்று நட்சத்திரமாக வளர்ந்தது. மூன்று என்றால், 'அந்தச் சாப்பாட்டுக்காகவே ஒரு பயணம் போகலாம்' என்று பொருள். டயர் விற்க வந்த புத்தகம், சமையல்காரர்களின் தலையெழுத்தாகிப் போனது!

அப்புறம் 1970-களில் 'புதிய சமையல்' அலை. கனமான சாஸ் போயிற்று. அளவு சிறுத்தது. தட்டு ஓவியமானது. ஜப்பானுக்குப் போய்வந்த பால் போகூஸ் போன்ற சமையல் மேதைகள், அங்கே 'கைசெகி' விருந்தில் சின்னச் சின்னதாக வரிசைப்படி வருவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். டேஸ்ட்டிங் மெனு செல்வாக்குப் பெற்றது. விருந்தாளி கேட்டதைச் சமைத்த காலம் போய், சமையல்காரர் கொடுத்ததை விருந்தாளி சாப்பிடும் காலம் வந்தது. இனி சமையல்காரர்தான் ராஜா!

அப்படித்தான் வெளியே தெரிந்தது.

பெர்னார் லுவாஸோ. பர்கண்டியில் சோலியூ என்ற சின்ன ஊரில் ரெஸ்டாரன்ட் நடத்தியவர். 1991-ல் மூன்றாவது நட்சத்திரம் வாங்கினார். டி.வி-யில் வந்தார். அவர் கம்பெனி பங்குச் சந்தைக்கே போனது. கூடவே கடனும் சேர்ந்தது. 2003-ன் தொடக்கத்தில், இன்னொரு புகழ்பெற்ற கையேடு அவருக்குத் தந்த மதிப்பெண்ணை இருபதுக்குப் பத்தொன்பதிலிருந்து பதினேழாகக் குறைத்தது. மூன்றாவது நட்சத்திரமும் போகப்போகிறது என்று பத்திரிகைகளில் வதந்தி. ஏற்கெனவே மன அழுத்த நோயால் அவதிப்பட்டவர் அவர். பிப்ரவரி 24-ம் தேதி மதியப் பந்தி முடிந்த பிறகு தற்கொலை செய்துகொண்டார். வயது 52.

ஒரு மனிதர் இப்படிப் போவதற்கு ஒரே ஒரு காரணத்தைக் கைகாட்டிவிட முடியாதுதான். ஆனால், ஒன்று மட்டும் நிச்சயம். அந்த ஆண்டு மிஷ்லன் கையேட்டில் அவருடைய மூன்று நட்சத்திரமும் பத்திரமாக அப்படியே இருந்தது!

மீன் வண்டிகள் இந்த முறையும் வந்துகொண்டுதான் இருந்தன.

ஸ்பெயினில் ஃபெரான் அட்ரியாவின் 'எல் புல்லி'க்கு உலகமே வரிசையில் நின்றது. ஓர் இரவில் சாப்பிடுபவர்கள் சுமார் ஐம்பது பேர். சமைக்க சுமார் நாற்பது பேர்! அவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல் தொழில் கற்க வந்த இளைஞர்கள். அப்படியும் ரெஸ்டாரன்ட்டுக்கு நஷ்டம். 2011 ஜூலையில் மூடிவிட்டார்கள். டென்மார்க்கின் 'நோமா' 2022-ல்தான் பயிற்சிக்கு வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. 2023 ஜனவரியில், 'இந்த முறையில் இனிமேல் தாக்குப்பிடிக்க முடியாது' என்று அதன் தலைவர் ரெனே ரெட்ஸெபி அறிவித்தார்.

இப்போது மறுபடி உங்கள் மேஜைக்கு வருவோம். கடைசித் தட்டையும் எடுத்துப் போய்விட்டார்கள். வெள்ளைக் கோட்டுக்காரர் வந்து நிற்கிறார். "எப்படி இருந்தது?"

அது வெறும் உபசார வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. நட்சத்திரம் போட வரும் ஆளும் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சாதாரணச் சுற்றுலாப் பயணியைப் போலத்தான் வந்து, சாப்பிட்டுவிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போவார்.

அதனால், பிடித்திருந்தால் தயங்காமல் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அப்படியே, உள்ளே பாத்திரங்களுக்கு நடுவே நிற்கும் அந்த நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை!