யார் காலம் பொற்காலம்? – சென்னையின் எஃப்.சி.யும் அதன் பயிற்சியாளர்களும்

ஆட்சியாண்டைக் கொண்டு காலத்தை எண்ணுவது நமக்குப் புதிதன்று. நம் கல்வெட்டுகள் பெரும்பாலும் இன்ன மன்னர்க்கு யாண்டு இத்தனையாவது என்றே தொடங்குகின்றன. முதலாம் இராசராசன் காலம் தொட்டு அதற்கு முன்னால் மெய்க்கீர்த்தியும் சேர்ந்துகொண்டது. மன்னன் வென்ற நாடுகள் அதில் வரிசையாக இடம்பெறும். தோற்ற போர்களுக்கு அங்கே இடமில்லை. வரலாற்று மாணவர்கள் மெய்க்கீர்த்தியைப் பயன்படுத்துவார்கள். ஆனால் அதை மட்டுமே நம்பமாட்டார்கள்.

இந்தப் பழைய வழக்கம் எதிர்பாராத ஓரிடத்தில் உயிரோடிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பென்னலூரில், ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கும் இளைஞர்களும் கல்லூரி மாணவர்களும் தேநீர்க் கடைகளில் கால்பந்து பேசும்போது 2015, 2018 என்று ஆண்டுகளைச் சொல்வதில்லை. 'மாட்டெராசி காலத்துல', 'கிரெகரி இருந்தப்ப', 'கோய்ல் வந்த பிறகு' என்றே பேசுகிறார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே வினாவில் வந்து நிற்கும்: இவர்களுள் யார் சிறந்தவர்? இவ்வினாவுக்கு விடை சொல்வதைவிட, இதை எந்த அளவுகோலால் அளப்பது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அணியின் பெயர். 'சென்னையின்' என்பது இலக்கணப்படி முற்றுப்பெறாத சொல். 'இன்' சாரியை பெற்று, உருபு தொக்கு, அடுத்து வரவேண்டிய பெயருக்காகக் காத்து நிற்கிறது. சென்னையின் எது? சென்னையின் யார்? 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது அந்த வெற்றிடத்தை நிரப்பிய முதற்பெயர் ஓர் இத்தாலியருடையது.

மார்கோ மாட்டெராசி 2006 உலகக் கோப்பை இறுதியில் சிதானின் தலைமுட்டை நெஞ்சில் வாங்கியவர். இங்கே அவர் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருங்கே வந்தார். எட்டு அணிகள், அணிக்குப் பதினான்கு லீக் ஆட்டங்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டரை மாதத் திருவிழா. களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம் என்பது அன்றைய விதி. எலானோவும் நெஸ்டாவும் சில்வெஸ்டரும் நீலச் சட்டை அணிந்தனர். லீக் கட்டத்தில் முதலிடம் கிடைத்தது. அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் கூட்டுக் கணக்கில் 3–4 எனத் தோல்வி.

அந்த முதற்பருவம் நடந்துகொண்டிருந்த 2014 நவம்பர் முதல் நாளில்தான் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. இப்பகுதியின் நினைவில் இவ்விரண்டும் அருகருகே கிடக்கின்றன. தொலைக்காட்சியில் புதிய அணி ஒன்று பிறந்துகொண்டிருந்தது. நெடுஞ்சாலையோரம் ஆயிரக்கணக்கானோரின் வேலை மறைந்துகொண்டிருந்தது.

2015இன் கதை இன்னும் ஆழமாகப் பதிந்திருப்பதற்கும் இத்தகைய காரணமே உண்டு. பட்டியலின் அடியில் கிடந்த அணி கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அதே வேளையில் பெருமழை. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறக்கப்பட்டு அடையாறு கரைகடந்தது. சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. தம் ஊரில் ஆட முடியாத அணி அங்கே அட்லெடிகோ டி கொல்கத்தாவை 3–0 என வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்தா அரங்கில் இறுதி. 87ஆம் நிமிடத்தில் கோவா 2–1 என முந்திய பிறகு, கோல்காவலர் கட்டிமணியின் சொந்த வலைக் கோலும், கூடுதல் நேரத்தில் ஸ்டீவன் மெண்டோசா அடித்த கோலும் ஆட்டத்தைப் புரட்டின. 3–2. வீட்டுக்குள் புகுந்த சேற்றை அள்ளிக்கொண்டிருந்த ஊருக்கு அது வெறும் கோப்பையாக இருந்திருக்க முடியாது. ஆதலால் மாட்டெராசியைப் பிறரோடு ஒப்பிடும்போது, மக்கள் அவரை மட்டும் எடைபோடவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. தம் துயரம் சற்றே ஆறிய ஒரு நாளையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள். மறு ஆண்டில் அவரது அணி ஏழாமிடத்தில் முடிந்தது என்பது இந்த மெய்க்கீர்த்தியில் இடம்பெறுவதில்லை.

அடுத்து வந்தவர் ஜான் கிரெகரி. ஆஸ்டன் வில்லாவை 2000இல் எஃப்.ஏ. கோப்பை இறுதிக்கு அழைத்துச் சென்ற ஆங்கிலேயர். அவர் பொறுப்பேற்ற 2017–18 பருவத்தில் லீக்கின் உருவமே மாறியிருந்தது. பத்து அணிகள், பதினெட்டு ஆட்டங்கள், களத்தில் ஐந்து வெளிநாட்டவர் மட்டுமே. எனவே இந்திய ஆட்டக்காரர் அறுவரை வைத்து அணியைக் கட்டவேண்டியிருந்தது. மிசோரத்தின் ஜெஜெ லால்பெக்லுவா, டேராடூனின் அனிருத் தாப்பா, நம் வியாசர்பாடியின் தன்பால் கணேஷ் ஆகியோர் முன்னணிக்கு வந்தனர். கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் 3–0 என வென்றபோது ஜெஜெ இரண்டு கோலும் கணேஷ் ஒன்றும் அடித்தனர். வடசென்னையின் தெருவில் பந்து விளையாடி வளர்ந்த ஒருவர் சென்னை அரங்கில் அடித்த அந்தக் கோல், 'சென்னையின்' என்னும் சொல்லுக்குச் சரியான பயனிலையாய் அமைந்தது எனலாம்.

2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் இறுதி. பென்னலூரைத் தொட்டுச் செல்லும் அதே நெடுஞ்சாலையின் மறுமுனை. லீக்கில் 40 புள்ளிகளுடன் முதலிடம் பெற்ற பெங்களூரு, 32 புள்ளிகள் பெற்றிருந்த சென்னையைத் தன் சொந்த மண்ணில் சந்தித்தது. ஒன்பதாம் நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோலடித்தார். பின்னர் மெய்ல்சன் ஆல்வெஸ் கார்னர் உதைகளிலிருந்து தலையால் முட்டி இருமுறை வலையை அசைத்தார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். மீண்டும் 3–2, இரண்டாம் கோப்பை.

இங்கே மெய்க்கீர்த்தியை நிறுத்திவிட்டால் கிரெகரியே முதல்வர். ஆனால் அடுத்த பருவத்தில், அதே பயிற்சியாளரின் கீழ் அணி பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளும் ஒன்பதே புள்ளிகளும் பெற்றுக் கடைசியில் முடிந்தது. அதே 2018–19இல் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில், ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டின் ஓரணி ஒரு லீக்கில் கடைசி. மற்றோரணி இன்னொரு லீக்கில் முதல். விளம்பர வெளிச்சம் குறைந்த அந்த வெற்றியைத் தேநீர்க் கடை ஒப்பீடுகளில் நாம் அரிதாகவே கேட்கிறோம். அந்த அணியில் ஆடிய நெய்வேலியின் எட்வின் வன்ஸ்பால் மறு பருவத்தில் சென்னையின் அணிக்கு வந்தார்.

2019–20இல் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி பெற்ற நிலையில் கிரெகரி விலகினார். டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். 2009இல் பர்ன்லியைப் பிரிமியர் லீக்கிற்கு உயர்த்தியவர் இவர். ஏறத்தாழ அதே ஆட்டக்காரர்களைக் கொண்டு அணியை நான்காமிடத்திற்கு ஏற்றி, அரையிறுதியில் கோவாவைக் கூட்டுக் கணக்கில் 6–5 என வென்றார். வால்ஸ்கிஸ் அவ்வாண்டின் அதிக கோல் அடித்தோர் வரிசையில் முன்னின்றார். 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளரற்ற ஃபதோர்தாவில் ஏ.டி.கே.யிடம் 1–3 எனத் தோல்வி. கோப்பை இல்லை. ஆயினும் கையில் கிடைத்த பொருளையும் செய்து முடித்த பணியையும் அருகருகே வைத்தால், இம்மூவருள் அவரது அந்த மூன்று மாதங்களே வியப்புக்குரியவை என்று கருதுகிறோம்.

பின் வந்தவர்களின் பெயர்கள் ஒப்பீட்டில் மங்கலாகவே ஒலிக்கின்றன. சாபா லாஸ்லோவின் 2020–21 பருவம் முழுதும் கோவாவில், மூடிய அரங்குகளில் நடந்தது. இருபது ஆட்டங்களில் பதினொன்று சமநிலை. அணித்தலைவர் கிரிவெல்லாரோ காயமுற்றுப் பாதியில் விலகியதும் அடித்துத் தர ஆளில்லாமற் போனது. 'லாஸ்லோவா, டிரா வாத்தியார்' என்று சிரிக்கும் இளைஞர்கள், ஒரு ரசிகர்கூட இல்லாத அரங்கில் ஓரணியை எழுப்பி நிறுத்துவது எத்தகையது என்று எண்ணுவதில்லை. அடுத்த பருவத்தில் பொஜிதார் பந்தோவிச், கோவாவிடம் 0–5 எனத் தோற்றபின் வெளியேறினார். எஞ்சிய சில ஆட்டங்களை நடத்திக் கொடுத்தவர் சையத் சபீர் பாஷா. இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் ஆடியவர், நம்மூர்க்காரர். பிறகு ஜெர்மனியின் தாமஸ் பிர்தாரிச். அதன்பின் 2023இல் மீண்டும் கோய்ல். இரண்டாம் வருகையில் முதலாண்டு ஆறாமிடமும் பிளே-ஆஃப் தோல்வியும், 2024–25இல் பதினோராமிடம். முன்பு வியப்பூட்டியவரே பின்பு விலக நேர்ந்தது. ஆள் மாறவில்லை, சூழல் மாறியது. பயிற்சியாளர்களைத் தனிமனிதர்களாக நிறுத்தி ஒப்பிடுவதன் குறை இந்த ஒரு சான்றிலேயே விளங்கும்.

உண்மையில், பயிற்சியாளரை மன்னராகக் கருதும் வழக்கமே காலத்தால் பிந்தியது. இங்கிலாந்தின் பழைய கிளப்புகளில் இயக்குநர் குழுக்களே அணியைத் தேர்ந்தெடுத்தன. ஹெர்பர்ட் சாப்மன் 1920களில் ஹடர்ஸ்ஃபீல்டிலும் பின்னர் ஆர்சனலிலும் பெற்ற வெற்றிகளே 'மேனேஜர்' என்னும் பதவிக்குத் தனி ஆளுமையைத் தந்தன. இங்கிலாந்து தேசிய அணியிலோ, 1963இல் ஆல்ஃப் ராம்சே முழு உரிமை கேட்டுப் பெறும்வரை தேர்வுக்குழுவின் கையே ஓங்கியிருந்தது. இந்தியாவிலும் இந்த ஒப்பீட்டுக் கலை பழையதே. 1997 ஜூலையில் அமல் தத்தாவின் மோகன் பகானும் பி.கே. பானர்ஜியின் ஈஸ்ட் பெங்காலும் கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியில் மோதியபோது சால்ட் லேக் அரங்கில் 1,31,000 பேர் திரண்டனர். இரண்டு அணிகளின் மோதலாக மட்டுமின்றி, இரண்டு ஆசிரியர்களின் மோதலாகவே கொல்கத்தா அதைக் கண்டது. பூட்டியாவின் மூன்று கோல்களால் ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது.

நமக்கோ நம் ஆசிரியர்களையே நினைவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகக் கோலடித்தவர் தமிழரான சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் அதுவே. 1973இல் கேரளம் தன் முதல் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அவ்வணியின் பயிற்சியாளர் அவர்தாம். கேரளத்தார் அவரை மறக்கவில்லை. நம் ஒப்பீட்டுப் பட்டியல்கள் 2014இல் ஓர் இத்தாலியப் பெயரோடு தொடங்குகின்றன.

பென்னலூரில் இவ்வினா இத்துணைச் சூடாக எழுவதற்கு வேறொரு காரணமும் உண்டென நாம் எண்ணுகிறோம். இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை வேலை செய்வோருக்கு 'மேனேஜர்' என்பது அன்றாடச் சொல். கடல்கடந்து வருவார், சில ஆண்டு இருப்பார், போவார், அடுத்தவர் வருவார். உற்பத்தி உயர்ந்தால் பெயர் அவருக்கு. குறைந்தால் முதலில் வாசலுக்கு வெளியே நிற்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. கால்பந்தில் மட்டுந்தான் அது தலைகீழாய் நடக்கிறது: அணி தோற்றால் முதலில் வெளியேறுவது மேனேஜர். மேலிருப்பவரைப் பெயர் சொல்லி அழைத்து, உரக்கக் கணக்குக் கேட்டு, 'இவர் போதாது' என்று தீர்ப்பளிக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைக்கும் ஒரே இடம் ஒருவேளை இந்தத் தேநீர்க் கடை பெஞ்சாக இருக்கலாம். அதனால்தான் இப்பேச்சை வெட்டிப்பேச்சு என்று நம்மால் ஒதுக்க முடியவில்லை.

ஆனால் அந்த உரிமையும் உறுதியானதன்று என்பதை 2025 காட்டியது. கூட்டமைப்புக்கும் அதன் வணிகப் பங்காளிக்கும் இடையிலான ஒப்பந்தச் சிக்கலால் லீக் உரிய காலத்தில் தொடங்கவில்லை. ஆகஸ்டில் கிளப் தன் செயல்பாடுகளையே நிறுத்திவைத்தது. ஆலை மூடலை அறிந்த ஊருக்கு அச்செய்தியின் மொழி பழக்கமானதுதான். பின்னர் அவ்வாண்டிலேயே கோவாவின் கிளிஃபர்ட் மிராண்டா பொறுப்புக்கு வந்தார். 2023இல் ஒடிசாவுக்குச் சூப்பர் கோப்பை வென்று தந்தவர். இடைக்காலத்துக்கென்று அல்லாமல் இவ்வணிக்கு அமர்த்தப்பட்ட முதல் இந்தியத் தலைமைப் பயிற்சியாளர் அவர்.

நாம் வாழும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் உள்ளன. முதலாம் பராந்தகனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921இல் பொறிக்கப்பட்டவை. காலக்குறிப்பு மன்னனுடையது; செய்தியோ வாரியங்களைப் பற்றியது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்கிறது அது. அந்த அளவுகோலையே நாம் பரிந்துரைப்போம். கையில் என்ன வாங்கினார், எத்தகைய காலத்தில் பணி செய்தார், போகும்போது அடுத்தவரிடம் எதை விட்டுச் சென்றார் என்னும் மூன்று கணக்குகளையும் கேட்போம். மாட்டெராசி ஓர் ஊரின் நினைவை விட்டுச் சென்றார். கிரெகரி கணேஷின் கோலை விட்டுச் சென்றார். சிதைந்த அணியையும் விட்டுச் சென்றார். கோய்ல் முதன்முறை போனபோது தன்னம்பிக்கையை விட்டுச் சென்றார். இரண்டாம் முறை அதை அவரால் விட்டுச் செல்ல இயலவில்லை. பாஷாவிடம் எவரும் கணக்குக் கேட்கவேயில்லை. அவரைப் போன்றோரிடம் ஒரு முழுப் பருவத்தை ஒப்படைத்துவிட்டு அதன்பின் கேட்டிருந்தால், நம் ஒப்பீடு இன்னும் நேர்மையானதாக இருந்திருக்கும்.